பதினேழாம் எண் படகு

பதிவேட்டில் அது போனது இருக்கிறது,
வந்தது இல்லை.
கார்த்திகை கடைசி ஞாயிறு, மாலை நான்கு பத்து,
மிதிக்கிற அன்னப் படகு, எண் பதினேழு,
கழுத்தில் எம்-சீல் ஒட்டு.
யாருக்குக் கொடுத்தோம் என்ற கட்டத்தில்
மழை விழுந்து மை கரைந்திருந்தது.
"உன் கையெழுத்துதானே மாதேஸ்வரி,
சம்பளத்தில் பிடித்துக்கொள்கிறேன்" என்றார் மேலாளர்.
மாதம் ஐந்நூறு. நாற்பது மாதம்.
அவ்வளவு நாள் ஒரு பொம்மை அன்னத்துக்குத்
தீனி போட முடியாது என்னால்.

அன்றிரவே
டார்ச் ஒன்று, உயிர்காப்புச் சட்டை ஒன்று,
நான்கு தட்டுவடை செட்டு, சட்னி தனியாக.
ஒன்பதாம் எண்ணை அவிழ்த்தேன்.

ஏற்காட்டில் பனி இறங்குகிறது என்பார்கள்.
தப்பு. அது ஏறுகிறது.
சேலத்தில் கிளம்பி
வளைவுக்கு வளைவு நின்று மூச்சு வாங்கி
ஏரிக்கரை தொட்டுத் திரும்பும்.
அன்று திரும்புகையில் என்னையும் கூட்டிப்போனது.
மிதித்தேன், ஏரி முடிந்தது.
மிதித்தேன்,
கரை, சாலை, ஆரஞ்சுக்கடைத் தார்ப்பாய்
எல்லாம் படகின் அடிவயிற்றுக்குக் கீழே போயின.
சில்வர் ஓக் உச்சிகள் மட்டும்
வகுப்பில் பதில் தெரிந்தவர்கள்போல
கை தூக்கிக்கொண்டிருந்தன.

இருபது கொண்டை ஊசியும் இருபது அலை.
கடைசிப் பேருந்து ஆழத்தில் உறுமிப் போயிற்று,
வயிறு நிறையத்
தூங்கும் மனிதர்களோடு.

பதினோராம் அலையில் யாளி.
எந்தத் தூணை விட்டு இறங்கியதோ,
மார்பளவு பனியில் நின்றது.
வாய்க்குள் கல்லுருண்டை. உருளும், வெளியே வராது.
ஏதோ சொல்லப் பார்த்து
களக் களக் என்றது.
ஒரு செட்டை நீட்டினேன்.
உருண்டையைக் கன்னத்துக்கு ஒதுக்கிக்கொண்டு கடித்தது.
"காரம்" என்றது.
நானூறு வருடத்தில் அதன் முதல் சொல்.

இருதலைப் பறவை கூரைமேல் வந்து உட்கார்ந்தது.
"இரும்பாலை வெளிச்சத்துக்கு நேரே விடு."
"அவன் பேச்சைக் கேட்காதே, அது நிலா."
ஒரே வயிறுதான்,
ஆனாலும் இரண்டு செட்டு கேட்டன.

பிறகு கொலுசுச் சத்தம்.
செவ்வாய்ப்பேட்டைப் பட்டறை அத்தனையும்
ஒரே நேரம் காலை உதறியதுபோல.
மகரம்.
துதிக்கை யானைக்கு, வால் மீனுக்கு,
செதிலுக்குச் செதில் வெள்ளிச் சலங்கை.
பயந்தேன் என்றுதான் எழுத வேண்டும்.
ஆனால் கண்ணில் பட்டது
கழன்று தொங்கிய ஒரு திருகாணி.
நகத்தால் இறுக்கிவிட்டேன்.
எங்கள் தெருப் பெண்களுக்கு அந்த நகம் உண்டு.
துதிக்கையால் படகின் கழுத்தைச் சுற்றி
அது என்னை இழுத்துப் போனது.

பகலில் லாரிகள் தின்கிற வெள்ளைக்கல் மலை
அன்று தீவு.
அதன் மடிப்பில் பதினேழு.
அதே எம்-சீல்.
இரண்டு இருக்கையிலும் முட்டைகள்,
வெந்த ஜவ்வரிசிபோல,
ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு கரும்புள்ளி
நீந்திப் பழகியது.
மகரம் என்னை மறந்துவிட்டது.
துதிக்கையில் பனி மொண்டு மொண்டு
அவற்றை நனைத்தது.

கயிறு கையில் இருந்தது.
முடிச்சும் தெரியும்.
இருபதாயிரம் ரூபாய்.

கொஞ்ச நேரம் நின்றேன்.
அப்புறம் உயிர்காப்புச் சட்டையைக் கழற்றி
முட்டைகள்மேல் போர்த்தினேன்.
அதற்கும் பிடிப்பார்கள், எழுநூறு.
மிச்சமிருந்த ஒரு செட்டைத் தின்றுகொண்டே
மேல்நோக்கி மிதித்தேன்.
ஏறுவதற்கு விடியும்வரை ஆயிற்று,
முழங்கால் இன்னும் சொல்கிறது.

காலையில் 'வந்த நேரம்' என்ற கட்டத்தில்
'பொரித்ததும்' என்று எழுதினேன்.
மேலாளர் இன்னும் அந்தப் பக்கம் வரவில்லை.
ஒன்பதாம் எண்ணைக் கழுவும்போது
விரலில் ஒட்டிய வெள்ளைத் தூளை நக்கிப் பார்த்தேன்.
வெள்ளைக்கல்லும் இல்லை, ஜவ்வரிசி மாவும் இல்லை.
உப்பு.

அன்றைய முதல் ஆள் பவானிக்காரர்.
மனைவியை முதலில் ஏற்றிவிட்டு
ஒரு காலைக் கரையிலேயே வைத்தபடி கேட்டார்,
"ஏரி எவ்வளவு ஆழம்மா?"

"இருபது வளைவுங்க" என்றேன்.